இருக்கிற வீட்டோடு புது அறை சேர்ப்பது: சுவர், பில்லர், அஸ்திவாரத்துக்கு ஏற்றபடி பிளான் போடும் முறை

வீட்டை ஒட்டி இன்னும் ஓர் அறை எடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு தாளோடு வருவார்கள். கட்டம் போட்ட நோட்டுத் தாளில் அறை, கதவு, கட்டில், பீரோ எல்லாம் வரைந்திருக்கும். ஆனால் இப்போது நிற்கிற வீடு தன் பாரத்தை எந்த வழியாக மண்ணுக்கு இறக்குகிறது என்பது மட்டும் அதில் இருக்காது. அது தெரியாமல் போட்ட பிளான், கடைக்கால் தோண்டிய மூன்றாம் நாளே மாறும். அவசரத்தில் மாற்றுவதால் காசும் போகும், சில வீடுகளில் சுவரும் விரிசல் விடும்.

பழைய வீடுகளில் கூடுதல் கட்டுமானம் செய்வதுதான் என் வேலை. முறையை மொத்தமாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

அம்பத்தூரில் ஒரு கிரவுண்டு மனை. அகலம் 40 அடி, ஆழம் 60 அடி. 1986இல் கட்டிய தரைத்தள வீடு, 30க்கு 28. முன்னால் 10 அடியும் பின்னால் 22 அடியும் காலி. வீட்டின் பின்வரிசையில் இடமிருந்து வலமாகச் சமையலறை, சாப்பிடும் இடம், ஒரு படுக்கையறை. பின்பக்கத்து இடது மூலையில் உறைக்கிணறு, வலது மூலையில் காம்பவுண்டை ஒட்டி செப்டிக் டேங்க். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 84 வயது அம்மாவுக்காகப் பின்னால் ஒரு படுக்கையறையும் அதோடு சேர்ந்த குளியலறையும் கேட்டார். சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட வேண்டும் என்றார். பின்னாளில் மகன் மாடி எடுப்பதாக இருந்தால் அதற்கும் வழி இருக்க வேண்டும் என்றார். அவர் வரைந்த தாளில் புது அறை சமையலறைக்குப் பின்னால், பழைய சுவரோடு ஒட்டி இருந்தது. அளந்து பார்த்தால் கிணறு குளியலறைக்குள் வந்தது.

முதலில் இருக்கிற வீட்டை வரையுங்கள்

அப்போது அப்ரூவல் வாங்கிய பிளான் வீட்டில் இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். கட்டும்போது மாற்றியிருப்பார்கள். டேப் பிடித்து ஒவ்வொரு அறையையும் உள்ளளவு எடுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் அறை சதுரமாக இருக்கிறதா, கோணல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பழைய வீட்டில் இரண்டு மூன்று இஞ்ச் கோணல் சாதாரணம். புது அறை அந்தக் கோணலோடு சேர வேண்டியிருப்பதால் இதை முதலிலேயே பிடித்துவிட வேண்டும்.

அடுத்தது சுவரின் தடிமன். கதவு நிலைக்குப் பக்கத்தில் அளந்தால் போதும். பூச்சோடு பத்து இஞ்ச் பக்கம் வந்தால் ஒன்பது இஞ்ச் சுவர். ஐந்தரை, ஆறு வந்தால் நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர். ஒன்பது இஞ்ச் சுவரில் தளம் உட்கார்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிகள் இதைத் தாய்ச்சுவர் என்பார்கள். நாலரை இஞ்ச் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்காது. ஆனாலும் அதன் தலையில் தளமோ லாஃப்டோ உட்கார்ந்திருக்கிறதா என்று பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்த பிறகே முடிவு சொல்லலாம்.

'கம்பி குறுக்கு வாட்டில்தானே போகுது, அப்ப இந்தப் பக்கச் சுவர் சும்மாதானே' என்று பலர் கேட்பார்கள். அறையின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் கம்பி இரு வாட்டிலும் வேலை செய்யும், தளத்தின் பாரம் நான்கு சுவரிலும் இறங்கும். நம் வீட்டு அறைகள் 10க்கு 12, 12க்கு 14 என்றுதான் இருக்கும். அதனால் பில்லர் இல்லாத பழைய வீட்டில் ஒன்பது இஞ்ச் சுவர் எதுவும் சும்மா நிற்பதில்லை.

தளம் ஆர்.சி.சி.யா, மெட்ராஸ் டெரஸா என்பதையும் பாருங்கள். மரக்கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இறுக்கியது மெட்ராஸ் டெரஸ். வெயிலுக்கு அதைப்போலக் குளுமையான தளம் கிடையாது, ஆனால் அதன் மேல் மாடி எடுக்க முடியாது.

அப்புறம் விரிசல்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். மொட்டைமாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கையாக ஓடும் மெல்லிய கோடு, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அதற்குப் பயப்பட வேண்டாம். தளத்தின் அடியிலோ பீமின் அடியிலோ நேர்கோடாக, பழுப்புக் கறையோடு வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. சந்தேகம் தரும் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்த அசைவு நின்றுவிட்டது.

அம்பத்தூர் வீட்டில் தளத்தை ஓரிடத்தில் கொத்தி, உடைத்த புது முகத்தில் பெனால்ஃப்தலீன் தெளித்தோம். மேலே அரை இஞ்ச் நிறம் மாறவில்லை. அதற்கு உள்ளே பளிச்சென்று இளஞ்சிவப்பு வந்தது. நிறம் வந்த இடத்தில் கான்கிரீட்டின் காரத்தன்மை போகவில்லை, அங்கே கம்பிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். நிறம் வராத பகுதி கம்பி வரை போயிருந்தால், மாடிப் பேச்சை அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்.

மண்ணுக்கு அடியில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். புது அறை வரப்போகும் பக்கத்தில், பழைய சுவரை ஒட்டி மூன்றடிக்கு மூன்றடி ஒரு சோதனைக் குழி எடுங்கள். அஸ்திவாரத்தின் அடி தெரியும் வரை தோண்ட வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. ஒரு நாள் வேலைதான். பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், சுவரை விட்டு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, அடியில் என்ன மண் என்று மூன்று விஷயம் அதில் தெரிந்துவிடும்.

இந்த வீட்டில் நாலடி ஆழம், மூன்றடி அகலம், கருங்கல் அஸ்திவாரம். சுவர் ஒன்பது இஞ்ச் என்றால் மீதி 27 இஞ்சில் பாதி, அதாவது பதின்மூன்றரை இஞ்ச், சுவர் முகத்துக்கு வெளியே மண்ணுக்குள் நீட்டியிருக்கிறது. அந்த இடத்தில் புது ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் அகன்ற கான்கிரீட் பாதம்) போட முடியாது. அதைக் கொத்தி எடுத்தாலும் தப்பு, அதன் மேல் ஏற்றினாலும் தப்பு.

அடியில் இருந்தது களிமண். களிமண்ணும் கரிசல் மண்ணும் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். கோயம்புத்தூர், கோவில்பட்டி பக்கம் கரிசலில் வீடு வைத்திருப்பவர்கள் அண்டர்ரீம்டு பைல் பற்றிப் பொறியாளரிடம் கட்டாயம் கேளுங்கள். அடியில் குமிழ்போல அகன்ற இந்தக் குட்டிப் பைல்கள் ஈரம் ஏறி இறங்கும் மண்ணைத் தாண்டிக் கீழே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து ஆழம் பார்த்தோம், ஆறரை அடி. டேங்கின் வெளிச்சுவர் காம்பவுண்டிலிருந்து நாலரை அடி வரை வந்திருந்தது. செப்டிக் டேங்க் மேல் அறை கட்டாதீர்கள். லாரியின் குழாய் இறங்க மூடி திறந்தவெளியில் இருந்தே ஆக வேண்டும்.

கிணற்றை மூடிவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி இந்தக் கிணற்றில் விட்டால் அதற்கென்று தனியாக எதுவும் தோண்ட வேண்டாம். அதோடு, அவசரத்தில் மண் கொட்டி மூடிய கிணறு வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அறை எடுத்தால் தரை உள்வாங்கும்.

மூன்று நிறத்தில் குறியுங்கள்

இதுவரை எடுத்த அளவுகளை ஒரே தாளில் அளவு மாறாமல் வரைந்துவிட்டு, கலர் பென்சிலை எடுங்கள். தொடவே கூடாதவை சிவப்பு: வீட்டின் மூலைகள், பழைய அஸ்திவாரத்தின் நீட்டம், கிணறு, டேங்க், விதிப்படி விட வேண்டிய காலியிடம். தளம் உட்கார்ந்த சுவர்களில் முட்டு கொடுத்து, பீம் வைத்து மாற்றக்கூடிய பகுதி மஞ்சள். நாலரை இஞ்ச் சுவர், ஜன்னலுக்குக் கீழே உள்ள கட்டு போல பாரம் இல்லாதவை பச்சை.

ஜன்னலுக்குக் கீழே உள்ள கட்டை ஏன் பச்சையில் சேர்த்தேன் என்றால், பழைய வீட்டிலிருந்து புது அறைக்கு வழி வேண்டுமானால் இருக்கிற ஜன்னலையே கதவாக்குவதுதான் ஆகச் சுலபம். மேலே லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது, பாரம் அதில்தான் இறங்குகிறது. ஜன்னல் சட்டத்தையும் அதற்குக் கீழே உள்ள கல்லையும் எடுத்தால் வாசல் தயார். அகலத்தை மட்டும் ஓர் இஞ்ச்கூட அதிகமாக்கக் கூடாது. சாப்பிடும் இடத்தின் பின்சுவரில் நாலடி ஜன்னல் ஒன்று இருந்தது. புது அறைக்கு வழி அதுதான் என்று அன்றே முடிவானது. அதனால் அறையும் சமையலறைக்குப் பின்னாலிருந்து சாப்பிடும் இடத்துக்குப் பின்னால் நகர்ந்தது.

முதலில் பில்லர், அப்புறம் அறை

புது ஃபுட்டிங் நாலடிக்கு நாலடி என்று கணக்கு வந்தது. பில்லர் அதன் நடுவில் நிற்கும். அதாவது பில்லரின் மையத்திலிருந்து இரண்டடி பழைய வீட்டுப் பக்கம் நீளும். பழைய அஸ்திவாரம் பதின்மூன்றரை இஞ்ச் வெளியே வந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் முப்பத்தேழரை இஞ்ச். ஆக, பழைய சுவரிலிருந்து மூன்றடிக்குள் பில்லர் மையம் வரவே முடியாது. வேலை செய்ய இடைவெளியும் சேர்த்து மூன்றரை அடியில் வைத்தோம்.

ஆசிரியர் முகம் வாடிவிட்டது. மூன்றரை அடி வீணாகப் போகிறதே என்று அவருக்கு வருத்தம். பீமை நீட்டி அறையைப் பழைய சுவர் வரை கொண்டுபோகலாம், அதுவும் ஒரு வழிதான். ஆனால் அப்படிச் செய்தால் சாப்பிடும் இடமும் பழைய படுக்கையறையும் இருட்டாகிவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் அறைத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. பின்ஜன்னலை அடைத்தால் அந்தப் படுக்கையறைக்கு அதில் பாதிகூடத் தேறாது. அதனால் அந்த இடைவெளியை வானம் பார்த்த முற்றமாகவே விட்டோம், ஓ.டி.எஸ். என்பார்களே, அதுதான். புதுச் சுவர் வந்த பிறகு சரியாக மூன்றடி அகலம் கிடைத்தது. கதவுக்கு நேரே மட்டும் மேலே தளம் போட்ட நடை, மற்ற இடமெல்லாம் வெளிச்சம். பழைய படுக்கையறை ஜன்னலைத் தொடவே இல்லை. என்னைக் கேட்டால் இந்த வீட்டில் நல்ல இடமே அந்த மூன்றடிதான்.

பின்பக்கத்துப் பில்லர்களில் செப்டிக் டேங்க் குறுக்கிட்டது. டேங்கின் அடி ஆறரை அடி, நம் ஃபுட்டிங்கின் அடி ஐந்தடி. பக்கத்தில் ஆழமான ஒன்று இருந்தால், மட்ட வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளிப் போவது பாதுகாப்பு. ஒன்றரை அடி வித்தியாசத்துக்கு மூன்றடி. அறையின் பின்சுவர் காம்பவுண்டிலிருந்து ஐந்தடி சொச்சம் தள்ளி வருகிறது. பில்லரைச் சுவரிலேயே வைத்தால் ஃபுட்டிங் டேங்கை இடிக்கும். அதனால் பில்லர்களை நாலடி உள்ளே இழுத்து, தரைமட்டத்தில் ஓடும் பேஸ்மென்ட் பீமையும் ரூஃப் பீமையும் பின்னால் நீட்டி, அந்த நாலடியை கான்டிலீவரில், அதாவது முனைக்கு அடியில் பில்லர் இல்லாமல் நீட்டிய பீமில், தாங்கினோம். நீட்டம் நாலடி என்றால் உள்பக்கம் பிடித்திருக்கும் பீம் அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்காவது நீளம் வேண்டும். இங்கே எட்டே முக்கால் அடி இருந்தது.

கான்டிலீவரில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் அன்று ஆட்கள் அதன் மேல் நடந்து நடந்து கம்பி கீழே அமுங்கிவிடும். பிளானில் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த அரை நாளில் எல்லாம் கெட்டுவிடும். நடக்கப் பலகை போடுங்கள், கம்பிக்கு அடியில் சேர் (மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் வளைத்த கம்பித் துண்டு) வைத்துக் கட்டச் சொல்லுங்கள், கொட்டுவதற்குச் சற்று முன் ஒரு தடவை நீங்களே குனிந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம் பில்லரின் அளவு. 2002இல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தரநிலையின்படி பில்லரின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்பது இஞ்ச் சுவரில் பன்னிரண்டு இஞ்ச் பில்லர் மூன்று இஞ்ச் துருத்தும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலர் பில்லரை ஒன்பதாகக் குறைக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். வெளிமுகத்தைச் சுவரோடு சமமாக வைத்துத் துருத்தலை உள்ளே தள்ளி, அங்கே அலமாரி வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

பழையதும் புதியதும் சேரும் இடம்

பழைய வீடு இத்தனை வருடத்தில் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி நின்றுவிட்டது. புதுக் கட்டடம் இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினால், புதியது இறங்கும்போது பழையதையும் இழுக்கும், சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை விரிசல் விடும். அதனால் இரண்டும் தனித்தனியாக நிற்கட்டும். நடையின் தளத்தையும் தரையையும் புதுப் பக்கத்திலிருந்தே நீட்டி, பழைய சுவருக்கு ஓர் இஞ்ச் முன்னால் நிறுத்தினோம். அந்த இடைவெளியில் தார் அட்டை, அதன் மேல் பாலிசல்ஃபைடு சீலன்ட், மேலே ஒரு பக்கம் மட்டும் திருகிய அலுமினியப் பட்டை. மொட்டைமாடியில் அந்த இடத்துக்கு மேல் சின்னத் தொப்பிபோல ஒரு மூடி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஐப்பசி மழையே உள்ளே வரும். பட்டையை மறைக்க மேலே சிமெண்ட் பூசிவிடாதீர்கள், பூச்சு அதே கோட்டில் விரியும்.

சமையலறைச் சுவர்

பத்தடிச் சுவர், ஒன்பது இஞ்ச், இரண்டு பக்கத் தளமும் அதன் மேல். ஆசிரியர் எட்டடி திறப்பு கேட்டார். எங்கள் மேஸ்திரி சுவரில் கைவைத்தபடி, 'சார், இது தாய்ச்சுவர். முழுசா எடுத்தா வீடு நம்ம பேச்சைக் கேக்காது' என்றார். ஐ.எஸ். 4326இல் ஒரு கணக்கு இருக்கிறது. பாரம் தாங்கும் சுவரில் எல்லாத் திறப்பையும் கூட்டினால், ஒரு தள வீட்டில் சுவர் நீளத்தில் 60 சதவீதம், இரண்டு தளத்துக்கு 50 சதவீதம், இதற்கு மேல் போகக் கூடாது. நிலநடுக்க அபாயம் கூடக்கூட இதுவும் குறையும். மேலே மாடி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக ஐந்தடிக்கு மேல் கிடையாது, இரு பக்கமும் இரண்டரை அடி சுவர் அப்படியே நிற்க வேண்டும். அவர் சம்மதித்ததும் பிளானை அதற்கேற்ப மாற்றினோம். நின்ற ஒரு துண்டின் பக்கத்தில் ஃபிரிட்ஜ், மறுபக்கத் துண்டில் மசாலா அலமாரி. நடுவில் ஐந்தடிக்கு, பரிமாற ஒரு மேடையும் நடக்க வழியும்.

இந்த வேலையின் வரிசையைக் கவனமாகப் படியுங்கள். இதில் அவசரப்பட்டால் உயிர்ச்சேதம் வரும்.

முதலில் சுவருக்கு இரு பக்கமும், இரண்டடி தள்ளி, தளத்துக்கு முட்டு. மேலேயும் கீழேயும் தடித்த பலகை, நடுவே மூன்றடிக்கு ஒன்று என்று இரும்பு ஜாக்கி முட்டு. தளம் தூக்கும் அளவுக்கு முடுக்கக் கூடாது, இறுக்கமாக நின்றால் போதும். திறப்பின் இரு முனையிலும் பீம் உட்காரும் இடத்தில் கல்லை எடுத்து, எட்டு ஒன்பது இஞ்ச் நீளத்துக்குக் கான்கிரீட் மெத்தை போட்டு ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள். பிறகு சுவரின் ஒரு பக்கம் மட்டும் பாதித் தடிமன் கொத்தி, முதல் இரும்புச் சேனலைச் சொருகி, மேலே உள்ள இடைவெளியில் சுருங்காத கிரௌட்டை இறுக்கமாக அடையுங்கள். அது இறுகிய பிறகே மறுபக்கம் கொத்தி இரண்டாவது சேனல். இரண்டையும் போல்ட்டால் இணைத்து, அதற்கும் அப்புறம்தான் கீழே உள்ள சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக எடுக்க வேண்டும். சம்மட்டி வேண்டாம், கட்டர் போதும். முட்டுகளை இன்னும் ஒரு வாரம் விட்டுவையுங்கள். சேனலின் அளவைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டில் போட்டதைப் பார்த்து வாங்கக் கூடாது.

குளியலறையைக் குழாய் முடிவு செய்யட்டும்

நாலு இஞ்ச் கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று வாட்டம் கொடுப்போம். ஆசிரியர் வரைந்தபடி இடது பக்கத்தில் குளியலறை வந்திருந்தால் வலது மூலை டேங்க் வரை 30 அடி ஓட வேண்டும், ஒன்பது இஞ்ச் இறக்கம். பழைய டேங்கின் வாய் அவ்வளவு கீழே இல்லை. வலது பக்கம் மாற்றியதும் எட்டடி ஓட்டத்தில் இரண்டரை இஞ்சுக்குள் முடிந்தது. அதனால் தரையை ஏற்ற வேண்டியதில்லை, அம்மா ஏறி இறங்க ஒரு படியும் வரவில்லை. குளியலறைத் தரை அறையை விட அரை இஞ்ச்தான் தாழ்வு, கதவு மூன்றடி.

மாடியிலும் குளியலறை வருவதாக இருந்தால் இதற்கு நேர் மேலேயே வர வேண்டும் என்று வரைபடத்தில் இப்போதே எழுதிவிடுங்கள். தளத்தை ஓரடி தாழ்த்தி ஜல்லி நிரப்பும் பழைய முறையில் அந்த நிரப்பு மட்டும் சதுர மீட்டருக்கு அரை டன் வரும். சுவரில் மாட்டும் கழிப்பறைக் கோப்பையும் தளத்துக்கு அடியில் தொங்கும் குழாயும் வைத்தால் அந்த எடை மிச்சம்.

சுண்ணாம்புக் கோடு

பேப்பரில் எல்லாம் முடிந்த பிறகு தரையில் முழு அளவில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். பில்லர் வரும் இடத்தில் செங்கல் வையுங்கள், கட்டிலை வெளியே கொண்டுவந்து போடுங்கள். கதவு திறக்கும் பக்கம் அட்டை வைத்துப் பாருங்கள்.

அன்று காலை வெயில் ஏறுவதற்குள் அந்த அம்மாவை வாக்கரோடு கூட்டிவந்தார்கள். கோட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தார். குளியலறைக் கதவு என்று நாங்கள் காட்டிய இடத்துக்கு நாலு எட்டு வைத்தவர் நடுவில் நின்றார். 'ராத்திரியில எழுந்தா இந்த எடத்துல என் கை எதைப் பிடிக்கும்?' என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே ஐந்தடி வெறும் தரை. கதவை அறையின் பின்கோடிக்கு நகர்த்தி, கட்டிலின் தலைமாட்டை அதே சுவரோடு சேர்த்தோம். இப்போது எழுந்த இடத்திலிருந்து கதவு வரை சுவரும் கைப்பிடியும் தொடர்ந்து வரும். அது ஏஏசி பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள, எடை குறைந்த கட்டுக்கல்) வரும் தடுப்புச் சுவர், பாரம் கிடையாது. அதனால் கோட்டை அழித்து வேறு இடத்தில் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாடியை மனதில் வைத்து

பத்தடி உயர ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஓடும் ஓர் அடிக்கு 400 கிலோவைத் தாண்டும். அதே இடத்தில் நாலு இஞ்ச் ஏஏசி பிளாக் பூச்சில்லாமல் 60 கிலோ பக்கம். பழைய வீட்டின் மேல் மாடி வந்தால் கீழே சுவர் இருக்கும் கோட்டில் மட்டும் செங்கல் சுவர், மற்ற தடுப்பெல்லாம் ஏஏசி. பால்கனியையும் சன்ஷேடையும் சுவர் எடுத்து அறையாக்க நினைக்காதீர்கள், ஓரத்தில் சுவரைத் தாங்க அவை கட்டப்படவில்லை.

மாடி எடுக்கும் முன் பழைய மொட்டைமாடியின் தட்டோட்டையும் சுண்ணாம்பு ஜல்லியையும் முழுக்க எடுத்துவிட வேண்டும். சதுர அடிக்கு 15 கிலோவுக்குக் குறையாது. இந்த வீட்டுக்கு அது 12 டன்னைத் தாண்டும். தண்ணீர் தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல் புதுப் பில்லர்களின் தலைக்கு மேல் வைக்க இப்போதே இடம் ஒதுக்கினோம்.

மாடிப்படிக்காகப் பழைய தளத்தில் ஓட்டை போடச் சம்மதிக்காதீர்கள், இரு வாட்டுக் கம்பியும் அறுபடும். படியை வெளியே, புதுப் பில்லர்களின் பொறுப்பில் விடுங்கள். பத்தடி உயரத்துக்கு ஏழு இஞ்சுக்குள் 18 படி, கால் வைக்கும் அகலம் பத்து இஞ்ச். இரண்டாக மடிந்து ஏறும் படிக்கு ஆறரைக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். கிணற்றுக்கும் சமையலறைப் பின்சுவருக்கும் நடுவே அதற்கு இடம் குறித்து வைத்தோம். மேலே நீட்டிவிட்ட பில்லர் கம்பியை மழையில் விடாமல் லீன் கான்கிரீட் (சிமெண்ட் குறைந்த கலவை) போட்டு மூடினோம். பிறகு தட்டி எடுத்துவிடலாம்.

அனுமதியும் வேலையின் வரிசையும்

2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாலை அகலம், கட்டட உயரத்துக்கு ஏற்ப விட வேண்டிய காலியிடம் சொல்லப்பட்டிருக்கிறது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி உண்டு. உங்கள் கூடுதல் கட்டுமானத்துக்கான விண்ணப்பத்தைப் பதிவுபெற்ற பொறியாளர் மூலம், பழைய கட்டடத்தையும் காட்டிப் போடுங்கள்.

கடைக்கால் வேலையைத் தையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்குள் தளம் விழுந்துவிடும். பழைய அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் ஒரே நாளில் நீளமாகத் தோண்டாதீர்கள். ஒரு குழி எடுத்து, ஃபுட்டிங் போட்டு, மண் தள்ளிய பிறகு அடுத்தது. சமையலறைச் சுவரைக் கடைசியில் வையுங்கள், அதுவரை வீட்டில் அடுப்பு எரியும்.

ஒவ்வொரு ஃபுட்டிங், பீம், தளத்துக்கும் கான்கிரீட் கொட்டும் முன் கம்பியின் மேல் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். ஜன்னலைக் கதவாக்கிய இடம், சேனல் வைத்த இடம், குழாய் போகும் வழி எல்லாவற்றையும் முடிந்த நிலையில் ஒரு முறை வரைந்து, படங்களையும் அச்சிட்டு, பத்திரத்தோடு அதே பையில் வைத்துவிடுங்கள். மாடி எடுக்க மகன் வரும்போது, அவர் கூட்டிவரும் பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான்.